தேதி உண்டு, வருஷம் இல்லை

எழும்பூர் மியூசியத்துக்குப் போய்விட்டு வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "அப்படியேதான் இருக்கு. ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனப்ப பார்த்த அதே திமிங்கில எலும்பு." சொல்லிவிட்டு, வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போனபோது பார்த்த மியூசியத்தைப் பற்றி ஆரம்பிப்பார்கள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒரு கண்காட்சி, வாசலில் ஆளுயரத் துணி விளம்பரம், போன வருஷம் நடந்ததற்கும் அதற்கு முந்தின வருஷம் நடந்ததற்கும் புத்தகம் போட்டு விற்கிறார்கள். நம்ம ஊரில் வைத்ததை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு எப்படியோ வந்துவிடும். எனக்கு எங்கேயோ உறுத்தும். சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை எப்படிச் சொல்வதென்று பிடிபடாமல், இலை போட்டாயிற்று என்றதும் எழுந்து போய்விடுவேன்.

கண்காட்சிகளுக்கு இந்த ஊரில் பஞ்சமே இருந்ததில்லை. மியூசியம் தொடங்கியது 1851-ல். பாந்தியன் சாலைக்கு அது வந்த மறு வருஷம், 1855-ல், தென்னிந்திய விளைபொருட்களுக்கும் கைவேலைகளுக்கும் மெட்ராஸில் பெரிய கண்காட்சி நடந்தது. நார், பிசின், எண்ணெய், சாயம் என்று வகை பிரித்து, நடுவர்கள் உட்கார்ந்து பார்த்து, அவர்கள் சொன்னதையெல்லாம் அச்சடித்தும் வைத்தார்கள். அந்த அறிக்கையை இன்றைக்கும் படிக்கலாம். 1873-ல் மெட்ராஸ் ஓவியக் கண்காட்சியில் இருபத்தைந்து வயது ரவி வர்மா, கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் வாங்கினார். அந்தக் கண்காட்சியைப் பற்றி நம் பேச்சில் மிஞ்சியிருப்பது பதக்கம் ஒன்றுதான். நாருக்கு நடுவர் அறிக்கை உண்டு, படத்துக்குப் பதக்கம் மட்டும். நாரில் வியாபாரம் இருந்தது, லண்டனுக்குக் கணக்கு போக வேண்டியிருந்தது. படத்தைப் பார்த்து ரசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மியூசியத் தோட்டத்தில் ஒரு காலத்தில் உயிருள்ள மிருகங்களும் இருந்தன. பொறுப்பில் இருந்த டாக்டர் எட்வர்ட் பால்ஃபர் ஆரம்பித்து வைத்தது. கூட்டம் அள்ளியது. 1863-ல் மிருகங்கள் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறிப் போயின. அதற்குப் பிறகு ஊர் ஜனங்கள் அதை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள். என் பாட்டி தலைமுறை வரைக்கும் ரிக்‌ஷாக்காரரிடம் "செத்த காலேஜ்" என்றால் போதும், நேராகக் கொண்டுபோய் விடுவார்.

அட்டையின் பின்பக்கம்

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அரக்கோணம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சர்வீஸ் முழுவதும் கழித்துவிட்டு, இப்போது பெரம்பூரில் மகனோடு. ஒரு நாள் கரையான் வந்துவிட்டதென்று அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். புத்தகங்களைக் கீழே இறக்கப் போன என் கையில் ஜவுளிக்கடை அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்து, "இதை மட்டும் கட்டில் மேல வை தம்பி. தலைகீழா வெச்சிடாதே" என்றார். உள்ளே என்ன என்று கேட்டதும் நூலை அவிழ்த்துக் காட்டினார். ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ்கள். கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, ஓட்டல் கூடங்கள், அயல்நாட்டுக் கலாசார மையங்கள், மூடிப்போன சின்னச் சின்ன கேலரிகள். ரப்பர் பேண்டு உருகி ஒட்டிய அடையாளம் சிலவற்றில் பழுப்பாக இருந்தது.

ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கெட்டி ஐவரி அட்டை, ஒற்றை நிறத்தில் ஓர் ஓவியம், ஓவியர் பெயர், குத்துவிளக்கேற்றப் போகிறவர் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, காலை பதினொன்று முதல் மாலை ஏழு வரை, ஞாயிறு உண்டு. எந்த வருஷம் என்று மட்டும் இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஆங்கில வருஷம் போதாதென்று தமிழ் வருஷப் பெயர், நட்சத்திரம், லக்னம் வரைக்கும் போடுகிற ஊர் இது. அழைப்பிதழ் தபாலில் வந்து சேருகிற வாரம் எல்லோருக்கும் என்ன வருஷம் என்று தெரியும், பிறகு எதற்கு என்பதுதான் கணக்கு. அந்தக் காகிதம் அந்த வாரத்தைத் தாண்டி உயிரோடு இருக்கும் என்று அச்சடித்தவரோ ஓவியரோ கூடத்துக்காரரோ யாரும் நினைக்கவில்லை.

அப்புறம் அது எங்களுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972-க்குப் பிறகு, ஏனென்றால் அந்த ஆகஸ்டில்தான் அது வந்தது. மெட்ராஸ் என்று இருந்தால் 1996-க்கு முன். ஆனால் அதற்குப் பிறகும் பழைய பிளாக்கையே வைத்து ஒப்பேற்றிய அச்சகங்கள் உண்டு என்று மாஸ்டர் எச்சரித்தார். தொலைபேசி எண் ஆறு இலக்கமென்றால் ரொம்பப் பழசு, ஏழென்றால் தொண்ணூறுகள் பக்கம், முன்னால் 2 சேர்ந்து எட்டாகியிருந்தால் 2000 தாண்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேதியில் விழுகிறது என்று கிழமையை வைத்து இன்னும் கொஞ்சம் நெருங்கலாம். தபால் முத்திரையை நம்ப முடியாது. எல்லாம் சரியாக வருஷத்தின் மேல் மை அப்பியிருக்கும்.

அட்டையைத் திருப்பியபோதுதான் உண்மையான விஷயம் இருந்தது. பென்சிலில் சின்னச் சின்னக் கட்டங்கள். நெடுக்கில் சில, கிடையில் சில, மூலையில் சதுரமாக ஒன்று. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நாலைந்து கோடுகள்: ஒரு தலை, ஒரு மரம், குறுக்கே ஒரு பட்டை. ஓரத்தில் பொடி எழுத்தில் "பழுத்த மஞ்சள், நடுவில் கரி", "36க்கு 48 இருக்கும்", "கித்தான் இழுப்பு சரியில்லை", "சிவப்புப் பொட்டு ஒட்டியாச்சு", அதாவது படம் விலைபோய்விட்டது. படங்கள் சுவரில் தொங்கிய வரிசையிலேயே கட்டங்களையும் போட்டிருந்தார். வாசலில் நுழைந்ததும் இடது கைச் சுவர் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஓர் அம்புக்குறி. இரண்டு படத்துக்கு நடுவில் இடம் விட்டிருந்தால் கட்டங்களுக்கு நடுவிலும் இடம். ஒரு தூண் மறைத்ததென்றால் தூணும் உண்டு. அந்த ஓவியரின் பெயரை இங்கே போடவில்லை, நலமாக இருக்கிறார், கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஆனால் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய அந்த ஒரு வாரத்துக் கூடத்தை நாளைக்கே திரும்ப நிறுத்திவிடலாம். எது முதலில் கண்ணில் பட்டது, எதைக் கடைசிக்கு வைத்தார், எது மற்றதைவிட உயரத்தில் இருந்தது என்பது வரை.

எதற்கு இப்படி என்று கேட்டேன். "பசங்களுக்குத்தான். இரண்டாம் சனிக்கிழமை நான் மட்டும் ரயிலேறி வந்து பார்த்துடுவேன். நாற்பது பிள்ளைகளுக்கு டிக்கெட் எடுக்க யார் காசு குடுப்பா? திங்கட்கிழமை இதைப் பார்த்துக் கரும்பலகையில போட்டுக் காட்டுவேன். இந்தப் படம் ஏன் அந்தப் படத்துக்குப் பக்கத்துல இருக்குன்னு கேட்பேன். ஒருத்தன் சொன்னான், 'சார், அது கோவிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு'ன்னு. சரியாத்தான் சொன்னான்."

இந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் பந்தி வரிசையில் எனக்குச் சிக்காமல் போன மீதிப் பாதி பிடிபட்டது. படங்களை யாரோ வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அல்லது ஓவியரின் பரணில் கிடக்கும். எப்படியும் எங்கோ இருக்கும். ஆனால் இன்னதற்குப் பக்கத்தில் இன்னது என்று ஒருவர் யோசித்து மாட்டியது, ஏழாம் நாள் சாயங்காலம் நைலான் கயிற்றை அறுத்ததும் முடிந்துபோகிறது. கண்காட்சி என்பது அந்த அடுக்குதான். அதை எந்த மியூசியமும் வாங்கி வைக்க முடியாது. எழுதித்தான் வைக்க முடியும்.

போக மாட்டேன் என்ற கண்காட்சி

இதைச் சொன்னதும் மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "போறது மட்டுமா பிரச்சினை? போகாததும்தான். அமராவதி கூடத்துக்குப் போய் ஒரு தடவை கல்லைப் பார்க்காம சுவரைப் பாரு" என்றார். போனேன்.

அமராவதிச் சிற்பங்கள் இங்கே வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். குண்டூர்ப் பக்கத்து ஸ்தூபியில் 1845-ல் வால்டர் எலியட் தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். வந்த கற்கள் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. அதில் பெரும் பகுதி 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறியது. அங்கேயும் சும்மா கிடந்து, கைமாறி, கடைசியில் பிரிட்டிஷ் மியூசியம் போய்ச் சேர்ந்தது. இப்போது அங்கே கண்ணாடிக்குப் பின்னால், காற்றின் ஈரத்தை அளந்து வைக்கும் தனி அறையில் இருக்கிறது. நம்மிடம் மிஞ்சியவையும், பிறகு 1880-களில் மறுபடி தோண்டியபோது வந்து சேர்ந்தவையும் எழும்பூரில். அவற்றை அந்தக் காலத்திலேயே சுவரில் வரிசையாகப் பதித்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

செய்தவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. வருஷக்கணக்கில் மழையில் நனைந்த கற்கள். கூரைக்குக் கீழே கொண்டுவந்து, விழாமல், யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் நிறுத்தினார்கள். அன்றைக்கு அது புத்தம்புதுக் கண்காட்சி. ஆனால் சிமெண்டிலிருந்தும் சுவரின் ஈரத்திலிருந்தும் உப்பு கல்லுக்குள் இறங்கும். சுண்ணாம்புக் கல், உப்பு உள்ளே படிகமாகும்போது மேல்தோல் பொரிந்து உதிரும். எடுத்துவிடலாம் என்றால் சிமெண்ட் கல்லைவிடக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. பெயர்க்கிறபோது எது முதலில் உடையும் என்பதுதான் பாதுகாப்பு வேலை செய்பவர்களின் தலைவலி.

அங்கே நளகிரி யானையை அடக்கும் வட்டச் சிற்பம் ஒன்று உண்டு. தெருவில் மதம் பிடித்த யானை ஒருவனைத் துதிக்கையில் சுற்றி இழுக்கிறது, காலடியில் ஆட்கள். அதே வட்டத்துக்குள், அதே யானை மறுபடியும், இந்தத் தடவை புத்தருக்கு முன்னால் மண்டியிட்டுப் படிந்து கிடக்கிறது. மாடி ஜன்னல்களில் கூட்டம் எட்டிப் பார்க்கிறது. பயத்தில் ஒரு பெண் பக்கத்திலிருப்பவனைப் பிடித்துக்கொள்கிறாள். ஒரே வட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்ததைச் சேர்த்துச் சொன்ன அந்தச் சிற்பியின் கெட்டிக்காரத்தனத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். மாஸ்டர் சொன்னதற்காகக் கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கல் முடிகிற இடத்தில் பூச்சு. சில கற்களின் விளிம்பில் விபூதி மாதிரி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பக்கத்துக் கல்லுக்கும் இதற்கும் நடுவில் கரணை இழுத்த தடம்கூட இருந்தது.

ஸ்தூபியில் இந்தக் கற்களை அவரவர் வலம் வரும் வழியில், வெளிச்சத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்ப்பது 1880-களில் யாரோ ஒருவர் பூசிய வரிசையை. "அப்படியேதான் இருக்கு" என்கிறவர்கள் பார்த்ததும் அதைத்தான். அப்படியே இருப்பது சிற்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியே இருப்பது ஒரு பழைய கண்காட்சி. முடிவுத் தேதி போட மறந்துவிட்டார்கள். பந்தி வரிசையில் என் உறவுக்காரர்கள் சொல்வது இந்த இடத்தில் சரி. ஆனால் அவர்கள் சொல்வது போல இங்கே சோம்பேறித்தனம் மட்டும் காரணமில்லை. மாற்றும்படியாக வைப்பது ஒரு தனி வேலை, அந்த வேலைக்கு ஆள் வைக்கிற வழக்கம் நமக்கு வரவில்லை. வளாகத்துச் சிவப்புக் கட்டடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909-ல் கைவினைகளைக் காட்சிக்கு வைக்கத் திறந்த இடம். 1951-ல் நேரு அதை தேசியக் கலைக்கூடமாகத் திறந்து வைத்தார். ரவி வர்மா படங்கள் அங்கேதான் இருந்தன. பிறகு கட்டடம் பழுதென்று வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. அந்தக் கூடத்தில் எது எங்கே தொங்கியது என்று கேட்டால், போய்ப் பார்த்த நம் வீட்டுப் பெரியவர்கள் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வதுதான் எனக்குக் கிடைத்த வரைபடம்.

பத்திரிகையில் தொங்கிய படங்கள்

பார்க்காத இடத்துக்குக் கண்காட்சியைக் கொண்டுபோக ஒரு போட்டோ போதும் என்பதற்கு இதே மியூசியத்திலிருந்து சாட்சி உண்டு. திருவாலங்காட்டு நடராஜரை விக்டர் கோலுபேவ் எடுத்த போட்டோக்களில்தான் பிரெஞ்சுச் சிற்பி ரோதென் பார்த்தார். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் படங்களை முன்னால் வைத்துக்கொண்டு, கையும் காலும் இடுப்பும் எப்படி அசைகின்றன என்று எழுதினார். அது அச்சேறியது 1921-ல், அவர் இறந்து நாலு வருஷம் கழித்து. மெட்ராஸுக்கு அவர் வந்ததே இல்லை. வெளியூரில் நடந்த சோழர் செப்புத் திருமேனிக் கண்காட்சிகளையும் நாம் அப்படித்தான் தெரிந்துவைத்திருக்கிறோம். 2002-03-ல் வாஷிங்டன் சாக்லர் கேலரியில் ஒன்று, 2006-07-ல் லண்டன் ராயல் அகாடமியில் ஒன்று. இரண்டுக்கும் கனமான பட்டியல் நூல் உண்டு. கும்பகோணத்தில் இருக்கிற ஸ்தபதிகூட அந்தப் புத்தகத்தைப் புரட்டி விரல் மடிப்பைப் பார்க்கலாம். உள்ளூர்க் கூடத்தில் போன மாதம் நடந்ததற்கு அந்த வசதி கிடையாது.

தமிழில் இந்த வேலையைக் கொஞ்சமாவது செய்தது பத்திரிகைகள்தான். கே.எம். ஆதிமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938-ல் பிறந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் படித்தவர். 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டிக் கறுப்பு மையில் காந்தியை விதவிதமாக வரைந்து தள்ளினார். அந்தக் கோடுகளை கேலரியில் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் கரிசல் காட்டைப் பற்றி எழுதிய தொடரில் ஆதிமூலத்தின் கோட்டோவியம் இருந்தது. சிறுபத்திரிகை அட்டைகளில் இருந்தது. டீக்கடை பெஞ்சில், சலூன் நாற்காலியில், பஸ் ஸ்டாண்டில் மடித்துப் பிடித்த தாளில் அவரைப் பார்த்தவர்கள் லட்சம் பேர். 'கண்காட்சிக்குப் போனதே இல்லை' என்று சொல்கிற என் சித்தப்பா, ஆதிமூலத்தின் கோட்டைக் கையெழுத்தில்லாமலே அடையாளம் சொல்வார். அந்தத் தாள்களில் தேதியும் உண்டு, வருஷமும் உண்டு. பத்திரிகைக்காரர்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் ஆரம்பித்து வைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஈஞ்சம்பாக்கத்தில், 2009-ல் மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்று ஒரு மியூசியம் திறந்தார்கள். பாத்திக் துணியும் கைவினையும் விற்று நிலம் வாங்கிய ஓவியர்கள், தங்கள் சரித்திரத்தையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். சந்தானராஜ், ரெட்டப்ப நாயுடு, ராமானுஜம் எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே பார்க்கலாம். ராமானுஜம் 1973-ல் சின்ன வயதிலேயே போய்விட்டவர். அவருடைய தொப்பி வைத்த மனிதன் தன் கனவுக் கோட்டைகளுக்கு நடுவே உலாவுவதைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் படங்கள் முதன்முதலாக எந்தச் சுவரில், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும் என்று எண்ணம் ஓடும். அவருக்கும் ஒரு டிராயிங் மாஸ்டர் வாய்த்திருக்கலாம். எங்கோ ஒரு ஜவுளிக்கடைப் பெட்டியில் அதுவும் இருக்கலாம்.

மாஸ்டரின் அட்டைகளை இப்போது ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். அவருக்கு நிபந்தனைகள் உண்டு. பென்சில் கோட்டைக் கம்ப்யூட்டரில் அழுத்தமாக்கக் கூடாது. வருஷம் உறுதியாகத் தெரிந்தால்தான் எழுத வேண்டும், போன் நம்பரை வைத்துக் கண்டுபிடித்ததென்றால் 'சுமார்' என்று போட வேண்டும். முன்பக்கத்தை ஏன் சார் வேண்டாம் என்கிறீர்கள் என்றால், "அது பிரஸ்காரர் வேலை. என் வேலை பின்னாடி இருக்கு" என்கிறார். இரண்டு பக்கமும் போடுவதாகத்தான் உத்தேசம், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் இப்படி அழைப்பிதழ்கள் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். நினைவிருக்கிற வருஷத்தைப் பின்பக்க மூலையில் பென்சிலில் எழுதிவையுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம், சில வருஷத்தில் எண்ணெய் விட்டு மறுபக்கம் இறங்கிவிடும். கண்காட்சி வைக்கப் போகிற ஓவியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த அழைப்பிதழில் தேதிக்குப் பக்கத்தில் நாலு இலக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் அதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.